மண்டியிட்டவனும் நிமிர்ந்தவனும்

ஒரே ஒரு தாள். அதன் மேற்பகுதியிலே ஒரு கப்பலின் படம். கீழ்ப்பகுதியிலே நெருக்கிக் கோத்த எழுத்து வரிகள். 1789ஆம் ஆண்டிலே இங்கிலாந்து நாட்டில் அந்தத் தாள் இல்லங்களின் சுவர்களிலும் மதுக்கடைகளின் சுவர்களிலும் இடம் பெற்றது. முதலில் பார்த்தவன் ஏதோ கப்பல் கட்டும் தொழிலாளருக்கான வரைபடம் என்றே எண்ணியிருப்பான். அருகே சென்று கூர்ந்து நோக்கினான். கப்பலின் தளத்திலே வரிசை வரிசையாகக் கருநிறப் புள்ளிகள், இன்னும் நெருங்கினான். அவை புள்ளிகளல்ல, மனிதர்கள்! தலையும் தோளும் காலும் உடைய மனிதர்கள், பெட்டியிலே அடுக்கிய மீன்களைப் போலக் கிடத்தப்பட்டிருந்தனர். பார்த்தவன் திடுக்கிட்டான். கீழே இருந்த வரிகளைப் படித்தான். படித்த பிறகு, தன் கோப்பையிலே கலந்திருந்த சருக்கரை எங்கிருந்து வந்தது, எவர் உழைப்பால் வந்தது, அந்த உழைப்பாளி எப்படிக் கொண்டுவரப்பட்டான் என்று எண்ணாமலிருக்க அவனால் முடியவில்லை.

கருத்தை ஆக்குபவன் எழுத்தாளன். எழுத்தின் வடிவும் பக்கத்தின் அமைப்பும் இடையே வைக்கும் படமும் வெறும் ஒப்பனை. அவை அச்சுக்கூடத்தார் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை — இவ்விதம் எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். துண்டறிக்கை வெளியிடும் தோழர்களிலும் உளர். அந்த எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்தக் கப்பல் தாள் ஒன்றே போதிய சான்று. ஆனால், அதே தாள் நமக்கு இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அது சற்றுக் கசப்பான பாடம். இரண்டையும் காண்போம்.

முதலில், எழுத்தும் படமும் அந்நாளிலே எவர் கையில் இருந்தன என்பதைப் பார்ப்போம்.

கிறிஸ்டோபர் காட்ரிங்டன் என்ற சீமான் 1710இல் இறந்தார். பார்படோஸ் தீவிலே அவருக்கு இரண்டு கரும்புத் தோட்டங்கள் இருந்தன. தோட்டங்களையும் அவற்றிலே உழைத்த அடிமைகளையும் சேர்த்து, இங்கிலாந்துத் திருச்சபையின் வேதம் பரப்பும் சங்கத்துக்கு அவர் உயில் எழுதி வைத்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது. அன்பையும் அருளையும் உலகுக்குப் போதிக்கப் பிறந்த சங்கமல்லவா! தன் உடைமைக்கு அடையாளம் வேண்டுமென்று, அடிமைகளின் மார்பிலே 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் பொறித்தது. அங்கே தாள் மனிதனின் தோல். அச்சு, நெருப்பிலிட்ட இரும்பு. அந்தச் சொல்லைச் சுமந்தவன் அதைப் படிக்கக் கற்பிக்கப்படவில்லை. படிக்க வேண்டியவர்கள் மற்றவர்கள். இவன் எவருக்குச் சொந்தம் என்று அவர்கள் தெரிந்துகொண்டால் போதும்!

பிறகு செய்தித்தாள்கள் பெருகின. அமெரிக்க நாட்டிலும் மேற்கிந்தியத் தீவுகளிலும் வெளிவந்த இதழ்களில், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தருமாறு கேட்கும் விளம்பரங்கள் வாடிக்கையாக வந்தன. விளம்பரத்தின் ஓரத்திலே ஒரு சிறு படம்: தோளிலே கோலும் மூட்டையும் சுமந்து ஓடும் ஒரு கரிய உருவம். இந்தப் படத்தை எவரும் அந்த மனிதனைப் பார்த்து வரையவில்லை. அச்செழுத்து வார்க்கும் பட்டறைகள், எழுத்துகளை விற்பது போலவே இந்த உருவத்தையும் வார்த்து விற்றன. அச்சுக் கோப்பவரின் பெட்டியிலே ஓர் எழுத்துக்கு ஓர் அறை. அடிமைக்கும் ஓர் அறை! எந்த எழுத்து வேண்டுமோ அதை எடு. ஓடிப்போன ஆண் வேண்டுமா, அந்த அச்சை எடு. பெண் வேண்டுமா, இந்த அச்சை எடு. ஆயிரம் பேர் ஓடினாலும் உருவம் ஒன்றே.

ஆனால், அந்த உருவத்தின் கீழே வரும் எழுத்துகளைப் படித்தால் நிலைமை வேறு. ஓடியவனின் பெயர், வயது, முதுகிலே இருக்கும் சவுக்குத் தழும்பு, பேசும் மொழி, கைத்தொழில் ஆகியவை வரிசையாக வரும். அவனைப் பிடிப்பதற்காக, அவன் ஒரு தனி மனிதன் என்பதை எழுத்து ஒப்புக்கொள்கிறது. அவனை விற்பதற்காக, அவன் பண்டம் என்று படம் அடித்துச் சொல்கிறது. கண் முதலில் படத்தைத்தான் காண்கிறது. எனவே, படம் வென்றது. படமும் எழுத்தும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்பது, அவற்றுள் எது முதலில் கண்ணில் படுகிறது என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆதிக்கக்காரன் இதை நன்கு அறிந்திருந்தான்.

எதிர்ப்பு எங்கே தொடங்கிற்று? ஓர் அச்சுக்கூடத்தில்!

1787ஆம் ஆண்டு மே 22ஆம் நாள், இலண்டன் மாநகரத்தின் ஜார்ஜ் யார்டு என்னுமிடத்தில், ஜேம்ஸ் பிலிப்ஸ் என்பவருக்குச் சொந்தமான அச்சுக்கூடமும் புத்தகக் கடையுமாக இருந்த இடத்திலே, பன்னிருவர் கூடினர். அவர்களில் ஒன்பது பேர் குவேக்கர் பிரிவினர். அடிமை வாணிபத்தை ஒழிப்பதற்கென ஒரு கழகம் கண்டனர். எதிரே நின்றவர்களோ லிவர்பூல் வணிகர்கள், தோட்ட முதலாளிகள், அவர்களுக்காக வாதாடிய நாடாளுமன்ற உறுப்பினர்கள். பணமும் பதவியும் அந்தப் பக்கம். இந்தப் பக்கத்தில் ஓர் அச்சு எந்திரமும் சில நேர்மையாளர்களும்.

கழகத்துக்கு ஒரு முத்திரை தேவைப்பட்டது. மட்பாண்டத் தொழிலிலே புகழ் பெற்ற ஜொசையா வெட்ஜ்வுட், தம் பட்டறையிலே அந்த முத்திரையை ஒரு சிறு பதக்கமாக 1787இல் செய்வித்தார். வெண்மையான பின்னணி, அதன்மேல் கருநிற உருவம். கையிலும் காலிலும் விலங்கு. ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, குவித்த கைகளை உயர்த்தி, மேல் நோக்கிக் கேட்கிறான். அவன் தலைக்கு மேல், பதக்கத்தின் விளிம்பை ஒட்டி வளைந்து செல்கின்றன எழுத்துகள்: "நான் மனிதனல்லவா? உடன்பிறந்தவனல்லவா?" கண் முதலில் உருவத்தைக் காண்கிறது. பிறகு விளிம்பைச் சுற்றிச் செல்கிறது. சொற்கள் அவன் வாயிலிருந்தே வருவதாகத் தோன்றுகிறது. எழுத்தை உருவத்தின் கீழே நேர்வரியாக இட்டிருந்தால் அது வெறும் தலைப்பாக நின்றிருக்கும். வளைத்து இட்டதால் அது அவன் குரலாயிற்று.

ஆடவர் பொடிப்பெட்டி மூடிகளில் அதைப் பதித்தனர். பெண்டிர் கையணியாகவும் கூந்தல் ஊசியாகவும் அணிந்தனர். அமெரிக்காவிலிருந்த பெஞ்சமின் பிராங்க்ளினுக்கு 1788இல் சில பதக்கங்கள் அனுப்பப்பட்டன. அவர் அச்சுத் தொழிலிலே வளர்ந்தவர். தாளின் வலிமையை அறிந்தவர். மிகச் சிறந்த துண்டு வெளியீடு ஒன்று செய்யக்கூடிய வேலையை இந்தப் பதக்கமும் செய்யக்கூடும் என்ற கருத்தில் வெட்ஜ்வுட்டுக்கு அவர் பதில் எழுதினார்.

அடுத்து வந்ததுதான் கப்பல் தாள்.

1788இல் சர் வில்லியம் டால்பென் என்பவர் கொண்டுவந்த சட்டம் நிறைவேறிற்று. கப்பலின் டன் அளவுக்கு ஏற்ப, இத்தனை அடிமைகளுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். 'போதுமே, கொடுமை குறைந்துவிட்டதே! இன்னும் என்ன கிளர்ச்சி?' என்று கேட்கத் தொடங்கினர் நிதானம் பேசுவோர். எந்தக் காலத்திலும் இத்தகையோர் உண்டு. அவர்களுக்கு விடையளிக்க வேண்டியிருந்தது.

விடை அரசாங்கத்தின் கையிலிருந்தே வந்தது. அதே ஆண்டு, கடற்படைக் கேப்டனான பாரி என்பவர், லிவர்பூல் துறைமுகத்திலே அடிமைக் கப்பல்களை அளந்து கணக்கெடுக்க அனுப்பப்பட்டார். அவர் அளந்த கப்பல்களுள் ஒன்று புரூக்ஸ். நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு, தளங்களுக்கு இடைப்பட்ட உயரம் இவ்வளவு என்று எல்லாம் கணக்கிலே இருந்தன. பிளிமத் நகரத்துக் கிளைக் குழுவினர் அந்த அளவுகளை எடுத்து, 1788ஆம் ஆண்டின் இறுதியிலே, முதல் படத்தை உருவாக்கினர். கப்பலின் கீழ்த்தளம் ஒன்றை மட்டும் வரைந்தனர். மண்டியிட்ட மனிதனையும் அதனோடு பொறித்தனர். 1789இல் இலண்டன் குழு, தாமஸ் கிளார்க்சனின் உழைப்போடு, அதை விரிவாக்கியது. கப்பலை நீளவாக்கில் வெட்டிய தோற்றம், குறுக்கே வெட்டிய தோற்றம், கீழ்த்தளம், அதற்கு மேலே இருபுறமும் அடித்த பலகைத் தட்டுகள் எனப் பல கோணங்களிலே படங்கள் அமைந்தன. மண்டியிட்ட உருவம் நீக்கப்பட்டது. தலைப்பு: 'ஓர் அடிமைக் கப்பலின் விவரம்'. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் அச்சாகி நாடெங்கும் சென்றன.

இந்தத் தாள் எவ்வாறு வேலை செய்தது என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

படம் கப்பல் கட்டுவோரின் மொழியிலே வரையப்பட்டது. சவுக்கடி, இரத்தம் ஆகியவற்றைக் காட்டியிருந்தால், 'மிகைப்படுத்துகிறார்கள்' என்று எதிரிகள் தள்ளிவிட்டிருப்பர். அளவுகோல் வைத்து வரைந்த படத்தை எப்படித் தள்ளுவது? எழுத்தும் அவ்வாறே. கீழேயுள்ள பத்திகளில் ஒரு கணக்கப்பிள்ளையின் அமைதியோடு அளவுகள் வருகின்றன. ஆண் ஒருவனுக்கு நீளம் 6 அடி, அகலம் 1 அடி 4 அங்குலம். பெண்ணுக்கு 5 அடி 10 அங்குலம். அகலம் அதே 1 அடி 4 அங்குலம். சிறுவனுக்கு 5 அடிக்கு 1 அடி 2 அங்குலம். சிறுமிக்கு 4 அடி 6 அங்குலத்துக்கு 1 அடி. இவ்வளவு குறுகலாக இடம் ஒதுக்கினாலும் கப்பலிலே 451 பேரைத்தான் கிடத்த முடிகிறது. டால்பென் சட்டமோ 454 பேருக்கு அனுமதி தருகிறது! இன்னும் மூவரை எங்கே செருகுவது என்பது படிப்பவனின் சிந்தனைக்கு விடப்படுகிறது. இந்தச் சட்டம் வருவதற்கு முன் ஒரு பயணத்திலே இதே கப்பல் 609 பேரை ஏற்றிச் சென்றது என்ற செய்தியும் வருகிறது.

தாளை அமைத்தவர்களின் அறிவுத்திறன் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் கொடுமையின் உச்சத்தை வரையவில்லை. சட்டம் நல்லதென்று ஒப்பிய அளவை வரைந்தனர். 'உங்கள் சீர்திருத்தம் இதுதான், பாருங்கள்' என்றனர். மேலே படம், கீழே கணக்கு: கண் மேலிருந்து கீழே வருகிறது, எண்ணைப் படிக்கிறது, மீண்டும் மேலே சென்று, 1 அடி 4 அங்குலம் என்பது எவ்வளவு என்று தேடுகிறது. ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் மனச்சான்று குத்துகிறது. படத்தை மட்டும் தந்திருந்தால் அது வியப்போடு நின்றிருக்கும். கணக்கை மட்டும் தந்திருந்தால் நாடாளுமன்றத்து அறிக்கைகளோடு தூங்கியிருக்கும். இரண்டையும் ஒரே தாளிலே, ஒரே பார்வையிலே அடக்கியதால் அது குற்றப் பத்திரிகையாயிற்று.

சாட்சியும் வந்தது. அந்த புரூக்ஸ் கப்பலிலேயே மருத்துவராகச் சென்றவர் தாமஸ் டிராட்டர். 1790இல் நாடாளுமன்றக் குழுவின் முன்னே, அடிமைகளின்மேல் மிதிக்காமல் அவர்களிடையே நடக்க இயலவில்லை என்று அவர் கூறினார். பிரான்சு நாட்டிலே, புரட்சி வெடித்த 1789இல், கிளார்க்சன் பாரிஸ் சென்றார். படத்தைக் கண்ட மிராபோ, மரத்தாலே ஒரு சிறு கப்பல் செய்வித்து, உள்ளே கரிய சிறு உருவங்களை அடுக்கித் தம் உணவு அறையிலே வைத்தார். அதைக் காட்டிப் பேச எண்ணினார். பேச வாய்ப்பு அமையவில்லை.

வெற்றி உடனே கிட்டிற்றா? இல்லை. 1791இல் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் 163க்கு 88 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. மறு ஆண்டு, 519 விண்ணப்பங்கள் நாடாளுமன்றத்தில் வந்து குவிந்தன. மேலும் பதினைந்து ஆண்டுகள் சென்ற பிறகே, 1807இல், பிரிட்டிஷ் அடிமை வாணிபம் சட்டப்படி ஒழிந்தது. தாள் ஒன்றே இதைச் செய்தது என்று நாம் கூறவில்லை. 1791 ஆகஸ்டு மாதத்திலே செந்தொமிங்கு தீவின் அடிமைகள் தாமே கிளர்ந்தெழுந்தனர். 1804இல் ஹைத்தி என்ற தனி நாட்டை அமைத்தனர். அந்த இடிமுழக்கமும் இலண்டன் வரை கேட்டது.

இங்கேதான், முன்பு சொன்ன கசப்பான பாடம் தொடங்குகிறது.

கப்பல் தாளை மீண்டும் பாருங்கள். நூற்றுக்கணக்கான உருவங்கள், ஒன்றுக்காவது பெயர் உண்டா? குரல் உண்டா? ஓடிப்போனவனைத் தேடும் விளம்பரத்திலே ஒரே அச்சு ஆயிரம் பேருக்குப் பயன்பட்டதே, அதுபோல இங்கும் ஒரே உருவம் திரும்பத் திரும்ப வருகிறது. நோக்கம் நேர் எதிரானது, கருவி ஒன்றே! அடிமைக் கப்பல்களிலே மக்கள் சும்மா கிடக்கவில்லை. உணவை மறுத்தனர், கடலிலே குதித்தனர், காவலரைத் தாக்கிக் கப்பலைக் கைப்பற்ற முயன்றனர். இவை வரலாறு. ஆனால், தாளிலே அவர்கள் கிடக்கிறார்கள், கிடந்துகொண்டே இருக்கிறார்கள். பதக்கத்திலோ, மண்டியிட்டுக் கேட்கிறான். 'நான் மனிதனல்லவா?' — கேள்வி! 'ஆம்' என்று சொல்லும் உரிமை, பதக்கத்தைக் கையிலே வைத்திருக்கும் சீமானுக்கே விடப்பட்டது.

இதற்கு விடையாக, அதே 1789ஆம் ஆண்டு, இலண்டனிலேயே ஒரு புத்தகம் வெளிவந்தது. அதைத் திறந்தால் எதிரெதிரே இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்திலே ஒரு கருநிற மனிதரின் உருவப்படம். நல்லுடை உடுத்தி, அமர்ந்து, நம்மை நேருக்கு நேர் பார்க்கிறார். கையிலே விரித்த நூல். வலப்பக்கத்திலே தலைப்பு: ஒலாடா எக்வியானோவின் வாழ்க்கை வரலாறு. அதன் கீழே இரண்டே சொற்கள்: 'தானே எழுதியது'. உருவப்படமும் தலைப்பும் எதிரெதிரே நிற்பதால், 'எழுதியவர் யார்?' என்று எவரும் கேட்க வேண்டியதில்லை. கண்ணைத் திருப்பினால் அவர் இருக்கிறார்.

எக்வியானோ அடிமையாக விற்கப்பட்டவர். தம் உழைப்பிலே சேர்த்த பணத்தைக் கொடுத்து 1766இல் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டவர். 1781இல் சாங் என்ற கப்பலின் மாலுமிகள், காப்பீட்டுப் பணத்துக்காக ஏறத்தாழ 130 ஆப்பிரிக்கரைக் கடலிலே வீசிக் கொன்றனர். அந்தக் கொடுஞ்செயலை 1783இல் கிரான்வில் ஷார்ப்பிடம் கொண்டு சென்று உலகறியச் செய்ய உதவியவர் அவரே. தம் நூலை முன்பணம் பெற்று அச்சிட்டார். உரிமையைப் பிறருக்கு விற்காமல் தம்மிடமே வைத்துக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று தாமே விற்றார். 1797இல் அவர் இறப்பதற்கு முன் ஒன்பது பதிப்புகள் வந்தன.

அவர் கையிலிருந்த நூல் விவிலியம். அதைக் கண்டு நம் தோழர்கள் முகம் சுளிக்கலாம். அந்த நூலை ஏந்திய சங்கமே அடிமைகளின் மார்பிலே சூடு போட்டது என்பதை முன்பே கூறினோம். ஆயினும், எழுத்தறிவு மறுக்கப்பட்ட இனத்தில் வந்தவர், நூலை விரித்துப் பிடித்தபடி ஆதிக்கக்காரனை நேராகப் பார்க்கிறார். 'உன் எழுத்து எனக்கும் தெரியும்' என்கிறது அந்தப் பார்வை. அவருடைய நம்பிக்கை அவருக்கு. அந்த நிமிர்ந்த முகம் நமக்கு.

நாம் கப்பல் தாளைப் பழிக்கவில்லை. எக்வியானோவும் பழிக்கவில்லை, 1789 பிப்ரவரியில் பிளிமத் குழுவினருக்கு நன்றி கூறிக் கடிதம் எழுதினார். இரண்டு பக்கங்களும் தேவைப்பட்டன. ஒன்று குற்றத்தை அளந்து காட்டிற்று. மற்றொன்று மனிதனைக் காட்டிற்று. ஆனால், நாடு எதை அதிகமாக நினைவில் வைத்தது? மண்டியிட்டவனை! அதன் விளைவைக் காணுங்கள். 1833இல் பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளிலே அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, 2 கோடி பவுன் இழப்பீடு வழங்கிற்று. யாருக்கு? அடிமைகளை 'இழந்த' முதலாளிகளுக்கு! சவுக்கடி பட்டவனுக்கு ஒரு காசும் இல்லை. அந்தப் பெருந்தொகைக்காக வாங்கிய கடன் 2015ஆம் ஆண்டில்தான் முழுதும் தீர்ந்தது என்று பிரிட்டிஷ் கருவூலமே 2018இல் அறிவித்தது. ஆள் வேண்டிய கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் கப்பலேற்றப்பட்டனர்; மொரிசியசுக்கும் பிற தீவுகளுக்கும் சென்றவர்களுள் தமிழரும் இருந்தனர். இரக்கம் பிறந்தது, கணக்கு மட்டும் மாறவில்லை. மண்டியிட்டுக் கேட்டவனுக்குக் கொடுப்பது தருமம் என்று எண்ணப்படும். நிமிர்ந்து நின்று கேட்பவனுக்குக் கொடுப்பதுதான் உரிமை.

இளைஞர்களே! நாளை நீங்களும் ஒரு துண்டறிக்கை வெளியிடுவீர்கள், சுவரொட்டி எழுதுவீர்கள், இதழ் நடத்துவீர்கள். கொட்டை எழுத்தும் வியப்புக்குறியும் வேலையைச் செய்துவிடும் என்று எண்ணாதீர்கள். கப்பல் தாளிலே அமைதியான எழுத்துத்தான் சிங்காதனங்களைத் தொல்லைப்படுத்திற்று. அதன் ஒவ்வோர் எண்ணுக்கும் சான்று இருந்ததே அதன் வலிமை. எனவே, முதலில் அளந்து பாருங்கள். அளந்ததை, படிப்பவன் கண் எங்கே தொடங்கி எங்கே செல்லும் என்று எண்ணி, படத்தோடும் எழுத்தோடும் பொருத்துங்கள். பிறகு, அச்சுக்கூடத்துக்கு அனுப்புமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: தாழ்த்தப்பட்ட மனிதன் இந்தப் பக்கத்திலே எப்படி நிற்கிறான்? நம் இரக்கத்துக்காக மண்டியிடுகிறானா? எண்ணிக்கையிலே ஒருவனாகக் கிடக்கிறானா? தன் பெயரோடு, தன் சொல்லோடு நிமிர்ந்து நிற்கிறானா?

அவனுக்காக நாம் பேசும் பக்கம் நல்லது. அவனே கோத்து, அவனே அச்சிட்டு, 'தானே எழுதியது' என்று பொறிக்கும் பக்கம் அதனினும் நல்லது. அந்தப் பக்கத்துக்கு இடம் விடுவது நம் கடமை.